கழற்றிய சீட்

சித்தப்பா மேர்வின் தறப்பாளின் ஒரு முனையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைக் காரின் பம்பரில் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் அப்பா சிறிலின் சவப்பெட்டி திறந்திருந்தது. வெளியே, வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் காரை மூடுகிற வேலை நடந்துகொண்டிருந்தது.

"என்ன சித்தப்பா செய்றீங்க?" என்றாள் ஜொய்சி.

"சனம் வர்ற நேரம்மா. இத பாத்தா வயிறு எரியுது."

"யாருக்கு எரியுது?"

சித்தப்பா மறுபடி குனிந்தார். முடிச்சை இன்னும் ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டு, பெரிய காரியம் முடித்த மனிதரைப் போலக் கைகளைத் தட்டிக்கொண்டு போனார்.

ஜொய்சிக்கு நேற்றிலிருந்தே இப்படித்தான். அழுகை வரவேண்டிய இடத்திலெல்லாம் ஆத்திரம் வந்தது. செபமாலை சொல்லும்போதும் வந்தது. ராகலையில் அவள் வேலை செய்யும் மருந்துக்கடை முதலாளி மாலையோடு வந்து நின்றபோதும் வந்தது. யாரைக் கண்டாலும் கழுத்தைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது.

முன் திண்ணையான இஸ்தோப்புக்கு வந்தால் அங்கே அதைவிட மோசம். காரிலிருந்து கழற்றிய பின்பக்க சீட் வழக்கமான இடத்தில் சுவரோடு கிடந்தது. அதில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் கமிட்டித் தலைவர் செல்லசாமி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த சீட்டு மட்டும் கார்ல இருந்திருந்தா, சிறில சாய்ச்சு வச்சுப் பக்குவமா கொண்டு போயிருக்கலாம்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். "தகரத்துல போட்டு உருட்டிக்கிட்டுப் போனா எந்த மனுசன் தாங்குவான்? மகன்னு ஒருத்தன் ரேஸ் ஓட்டுறேன்னு அப்பன முடிச்சிட்டான்."

சொல்லிவிட்டு, வசதியாக இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். சீட் அவருக்காக ஒரு முனகல் முனகியது.

அந்த சீட்டின் கதை லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் மிலான் நுவரெலியாவில் ஒரு கராஜில் வேலை செய்கிறவன். நாலு வருடத்துக்கு முன் ஒரு மாஸ்டர் வீட்டுத் தோட்டத்தில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய ஸ்டார்லட் காரைக் கட்டியிழுத்து வந்தான். கீழே கொழும்புப் பக்கம் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது, சில நாட்களில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கலாம், ஒருநாள் நான் போவேன் என்றான். அதற்காகக் காரைக் கட்டினான் என்று சொல்வதைவிட, உரித்தான் என்றே சொல்லவேண்டும். பின் சீட் போனது. முன் இடப்பக்கத்து சீட் போனது. கம்பளம், கதவின் உள் அட்டை, றேடியோ, கூரையின் உள்துணி எல்லாம் போயின. பின் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு வந்தது. சேர்த்தவை என்று பார்த்தால் அகலமான டயர், கட்டையான ஸ்பிரிங், பெரிய காபரேட்டர், ஓட்டுகிறவனை அணைத்துப் பிடிக்கிற ஒற்றை சீட். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "பாரம் கூடும்."

அப்பா அவனைத் திட்டாத நாளில்லை. "ஒரு ஆளு குந்துற கார ஊர்ல எவனாவது செய்வானாடா? நான் எங்க ஏறுறது, கூரையிலயா?" என்பார். ஆனால் அந்தப் பின் சீட்டை வீசவிடாமல் இஸ்தோப்பில் போட்டவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் உட்கார்ந்து, மகன் காருக்கடியில் படுத்து வேலை செய்வதைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே தெரிகிற இரண்டு கால்களோடும் சண்டை பிடிப்பார்.

போன ஞாயிறும் அப்படித்தான் இருந்தார். சண்டை பாதியில் நின்றது. மிலான் வெளியே வந்து பார்த்தபோது அப்பா சீட்டில் ஒருபக்கமாகச் சரிந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மிலான் உடனே காரைத் திறந்தான். அது ஜொய்சியின் கண்ணுக்குள் நிற்கிறது. கைகூடத் துடைக்காமல் பின்கதவைத் தூக்கி, "கம்பளிய கொண்டாம்மா, கெளம்புவோம்" என்று கத்தினான். லயத்து ஓட்டோ இரண்டும் ராகலைக்குப் போயிருந்தன. நகரத்து ஆம்புலன்சுக்குப் போன் அடித்தாயிற்று. ஆனால் போன மழையில் பாதி இடிந்த பாலத்தைப் பாரமான வண்டி தாண்டாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறோம், அதுவரை கொண்டுவாருங்கள் என்றார்கள். மூன்று மைல்.

அப்போதுதான் சித்தப்பா மேர்வின் காரின் முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றார். "அந்த டப்பாவுலயா? சீட்டே இல்ல. நோயாளிய நாய்க்குட்டி மாதிரி கெடத்திக் கொண்டு போவியா? நில்லு. தோட்டத்து ஆம்புலன்ஸ் இருக்குல்ல" என்றார்.

ஜொய்சி ஆம்புலன்ஸ் கொட்டகை இருந்த பெக்டரிக்கு ஓடினாள். காவல்காரர் வீரய்யா சாவி ஆபீசில் என்றார். ஆபீசில் கிளாக்கரையா, தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேட்கவேண்டும் என்றார். துரையின் போன் வேறு பேச்சில் இருந்தது. கடைசியில் சாவி வந்து, கொட்டகையைத் திறந்தபோது, ஆம்புலன்ஸ் நாலு மரக்குற்றிகளின் மேல் நின்றது. ஒரு டயர்கூட இல்லை. நாலும் துரையின் ஜீப்பில் ஓடிக்கொண்டிருந்தன. தற்காலிகமாம். கமிட்டிக்குத் தெரிவித்திருக்கிறார்களாம்.

அரை மணிநேரத்துக்கு மேல் போயிருந்தது. கடைசியில் மிலானின் காரில்தான் பாலம்வரைக்கும் போனார்கள். அரை மணி முந்தியிருந்தால் பார்த்திருக்கலாம் என்று பின்னால் டொக்டர் சொன்ன அரை மணி அதுதான். அதைத் தின்றது யார் என்று இந்த இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆபீசைப் பேச வாய் வராது. மிலானைப் பேசலாம். மிலான் யாருக்கும் வேலை நிறுத்தமாட்டான், சம்பளம் வெட்டமாட்டான்.

"ஜொய்சி, அப்பாவோட அந்த நீலக் கட்டம் சாரத்தப் பாத்தியா?" அம்மா மரியநாயகி உள்ளேயிருந்து கேட்டாள். "பெட்டிக்குள்ள வைக்கலாம்னு தேடுறேன். கொடியிலதான் கெடந்திச்சு. காணோம்."

"சனம் எடுத்து எங்கயாவது வச்சிருக்கும்மா."

"அவரு அதத்தான் உடுத்துவாரு" என்றாள் அம்மா. அதற்குமேல் தேடவும் இல்லை.

மிலான் லயத்துக்குப் பின்னால், தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். நேற்றிலிருந்து வீட்டுக்குள் வரவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கவுமில்லை. ஜொய்சி ஒரு கோப்பைத் தேத்தண்ணியை நீட்டினாள். அதை வாங்கிய கையைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. விரல் நுனியெல்லாம் பசை அப்பிக் காய்ந்திருந்தது. கராஜ் பசையின் நெடி மூக்கில் ஏறியது.

"இன்னைக்குமா அண்ணே?" என்றாள். "அப்பா உள்ள கெடக்குறாரு. இன்னைக்குமா அந்தக் கார நோண்டுன?"

 கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"ஊரே ஒன்னத்தான் சொல்லுது. நான் ஒருத்திதான் ஒனக்காக மல்லுக்கட்டுறேன். நீ பசை போட்டு ஒட்டிக்கிட்டு இருக்க!"

"பெட்டி எப்ப தூக்குறாங்க?" என்று மட்டும் கேட்டான்.

"நீ தலமாட்டுல நிக்கணும்."

"சித்தப்பா வேணாம்னுட்டாரு. அப்பன கொன்ன கை பெட்டியில படக்கூடாதாம்."

ஜொய்சி திரும்பி நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை பட்ட அடி முழங்காலில் விண்ணென்று தெறித்தது. பின் சீட் இருந்த இடத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு போல்ட்டின் மேல்தான் அன்று பாலம்வரைக்கும் முட்டிபோட்டு, அப்பாவின் தலையை மடியில் தாங்கி வந்தாள்.

உருட்டினானாம்! அந்தக் கட்டை ஸ்பிரிங் காரை மிலான் எப்படி ஓட்டினான் என்று பார்த்தவள் அவள் ஒருத்தி. ஒவ்வொரு குழியையும் முன்கூட்டியே தெரிந்தவன்போலச் சக்கரத்தைத் திருப்பினான். பிரேக்கை அவன் எப்போது மிதித்தான், எப்போது விட்டான் என்றே தெரியவில்லை. அப்பாவின் தலை அவள் மடியில் ஒருதரம்கூடத் தூக்கிப் போடவில்லை. தேயிலைக்குள் வளைந்து வளைந்து இறங்குகிற ரோடு முழுக்க அப்பா மல்லாந்து கிடந்து, வெறும் தகரமாக இருந்த கூரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். முதன்முறையாக அந்தக் காருக்குள் ஏறியிருந்தார்.

"ஏன்டா," என்றார் மெதுவாக. "மேல ஒரு துணிகூட போடலயா?"

"பாரம் கூடும்ப்பா" என்றான் மிலான், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பா சிரித்தார். அவ்வளவுதான் பேச்சு. ஆம்புலன்சில் ஏற்றியபிறகு அவர் பேசவில்லை.

பெட்டி மூடுகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மலர்ச்சாலை வேன் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றது. டிரைவர் போனில் கையை விரித்துவிட்டான். கீழ் டிவிசன் கோயிலில் ஃபாதர் காத்திருந்தார்.

சித்தப்பா இஸ்தோப்பின் நடுவில் நின்று ஆள் பிரித்தார். "ஆறு பேரு தோளு குடுத்தா பாலத்துக்குப் போயிரலாம். தலமாட்டுல நானும் பக்கத்து வீட்டு விஜிதரனும். அவென் பின்னுக்கு வரட்டும். பெட்டிய தொடவேணாம்."

மிலான் இஸ்தோப்புக்குக் கீழே, மழையில், தலைகுனிந்து நின்றான்.

"தோளு வேணாம்" என்றாள் ஜொய்சி. "அப்பா கார்ல போகட்டும்."

"என்ன புள்ள பேசுற? எந்தக் காரு?"

"நீங்க தறப்பா போட்டு மூடி வச்சிருக்கீங்களே, அந்தக் காரு. சீட்டு இல்லாத காரு. பெட்டி நீட்டுக்குப் போகும்."

செல்லசாமி சீட்டிலிருந்து எழுந்தார். "வேணாம்மா. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. அந்தக் காராலதான இவ்வளவும்…"

"தலைவரே, சும்மா இருங்க!" அவள் குரல் லயத்தின் கோடிவரைக்கும் கேட்டது. வாசலில் நின்ற பெண்கள் திரும்பினார்கள். "காராலயா? ஆம்புலன்ஸ் குத்தி மேல நின்னுச்சே, அது யாரால? டயரு நாலும் தொரையோட ஜீப்புல ஓடுது, கமிட்டிக்குத் தெரியும்னு கிளாக்கரையா சொன்னாரே. ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா? தெரிஞ்சுக்கிட்டுத்தான இந்த சீட்டுல குந்தி எங்கண்ணன கொலகாரன்னு சொன்னீங்க?"

செல்லசாமி கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அவரு பெரிய மனுசன், ஜொய்சி. மரியாதையா பேசு" என்றார் சித்தப்பா.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணன் அப்பவே கார எடுத்தான். முன்னுக்கு வந்து கைய விரிச்சு 'நில்லு'ன்னு சொன்னது யாரு சித்தப்பா?"

 சித்தப்பா தன் இரண்டு கைகளையும் பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் அப்பாவின் முகத்தைப் போலவே இருந்தது. ஜொய்சிக்கு அதுவும் பொறுக்கவில்லை. இவர்மேல் இரக்கம்வேறு வந்து தொலைக்கவேண்டுமா என்றிருந்தது.

அம்மா பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி, காரிடம் போய், தறப்பாளின் முடிச்சைப் பிடித்து இழுத்தாள். சித்தப்பா போட்ட முடிச்சு. அவிழவில்லை. அவள் விடாமல் நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் சித்தப்பாவே இறங்கிப் போய், குனிந்து, அதை அவிழ்த்துவிட்டார்.

"மிலான், கதவ தொற" என்றாள் அம்மா. "அன்னைக்கும் அதுலதான போனாரு."

தலைமாட்டை மிலான் பிடித்தான். சித்தப்பா கால்மாட்டுக்குப் போனார். பெட்டி பின்கதவு வழியாக இடப்பக்கத்தில் வழுக்கிக்கொண்டு நுழைந்து, முன்னால்வரை போய் நின்றது. கால்மாடு மட்டும் ஒரு சாண் வெளியே நீண்டது. மேர்வின் அந்தத் தறப்பாளையே மடித்து அதன்மேல் போட்டார், மழை படாதபடி.

ஜொய்சி மிலானின் சீட்டுக்குப் பின்னால் ஏறி, பெட்டியை அணைத்தபடி முட்டிபோட்டாள். முழங்கால் அதே போல்ட்டில் போய் இருந்தது.

கார் கிளம்பியது. மலையையே எழுப்புகிற அந்த எஞ்சினை மிலான் ஒரு முணுமுணுப்புக்குமேல் போகவிடவில்லை. முன்னால் சிலுவையும் பூவளையமும் கொண்டு நடந்தவர்கள் இரண்டுமுறை நின்று, கார் வந்து சேரும்வரை காத்திருந்தார்கள். பிளாஸ்டிக் தகட்டில் தேயிலை மலை பச்சையாகக் கலங்கித் தெரிந்தது. உள்ளே பசை நெடி தலையைச் சுற்றவைத்தது. எங்கிருந்து வருகிறது என்று ஜொய்சி நிமிர்ந்து பார்த்தாள்.

கூரையின் தகரம் தெரியவில்லை. அந்த இடம் முழுக்க, முனைக்கு முனை இழுத்து, சுருக்கமில்லாமல், அப்பாவின் நீலக் கட்டம் சாரம் ஒட்டியிருந்தது.

அவள் மிலானின் பிடரியைப் பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாலத்துக்கு முந்திய வளைவில் கார் லேசாக ஒருபக்கம் சாய்ந்தது. பெட்டியின் தலைமாட்டுக்கு நேர்மேலே சாரத்தின் ஒரு மூலை பிரிந்து தொங்கியது. ஜொய்சி ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, மறுகையை உயர்த்தி அந்த மூலையைத் தகரத்தோடு வைத்து அழுத்தினாள். பசை இன்னும் காயவில்லை. பாலம் வரும்வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.