எத்தல் அன்ரியின் மத்தியானச் சோறு

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால், திருவிழாவை நிறைவுசெய்யும் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை கேதீஸ்வரியின் அடுப்பில் மீன் ஏறாது. சமைப்பது ஒருபுறமிருக்க, மீனைத் தொடவும் மாட்டாள். வெல்லாவெளியில் பிறந்த வீட்டு வழக்கம் அது. மணமாகி நாவற்குடாவுக்கு வந்த பின்னும் ஓராண்டும் தவறியதில்லை.

இவ்வாண்டுதான் வழக்கமும் வேலையும் எதிரெதிரே வந்து நின்றன. மூன்று மாதங்களுக்கு முன் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராகச் சேர்ந்திருந்தாள். எத்தல் அன்ரிக்கு மத்தியானச் சோறு ஊட்டுவது அவள் பொறுப்பு. எண்பத்தொரு வயதான எத்தல், மட்டக்களப்பு நகரத்துப் பறங்கிக் குடும்பத்தவர். பாரிசவாதம் அவருடைய வலக்கையையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. மீனாசையை மட்டும் விட்டுவைத்திருந்தது. மீனில்லாத சோற்றுக்கு அவர் வாய் திறப்பது அரிது.

‘எந்த வேலையும் செய்வேன்’ என்று சொல்லி வேலை பெற்றவள், ‘மீன் மட்டும் தொடமாட்டேன்’ என்று எந்த முகத்தோடு சொல்வாள்? சொல்லவில்லை. மூடிய மீன் கிண்ணத்தை அடுத்த கட்டிலுக்குத் தள்ளிவிட்டு, பூசணிக்காய்க் கறியோடு சோற்றைப் பிசைந்து நீட்டினாள். எத்தல் மூன்று வாயோடு உதட்டை இறுக்கிக்கொண்டார். உணவுப் படிவத்தில் கேதீஸ்வரி ‘அரைவாசி’ என்று எழுதினாள். நாளைக்குச் சாப்பிடுவார் என்ற நம்பிக்கையில் எழுதிய பொய், நாளை நாளை என்று ஆறு நாள் நீண்டது.

ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ஒரு வயல் வட்டையிலே இரண்டு எருதுகள் ஒரே ஏரில் உழுதனவாம். ஒன்றின் குளம்பில் முள் ஏறிவிட்டது. சொன்னால் அடிமாடாக்கிவிடுவார்கள் என்று பயந்து அது பேசாமல் நொண்டியது. மற்றது அதைச் சோம்பேறி என்று நினைத்தது. உழவனோ நுகத்தில்தான் கோணல் என்று எண்ணி, ஏரை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தச்சனைத் தேடிப் போனான். முள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இல்லத்திலும் தச்சனைத் தேடும் நாள் வந்தது. ஏழாம் நாள் காலை நிறை பார்த்தபோது எத்தல் இரண்டு கிலோ குறைந்திருந்தார். வைத்தியர் ஜெயரூபன் படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“அரைவாசி சாப்பிட்டும் மெலியிறா எண்டா உள்ளுக்க ஏதோ வருத்தம் இருக்கு. இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவம். ஸ்கான் எடுக்கட்டும். தேவையெண்டா மூக்கால குழாயும் போடட்டும்.”

எத்தலின் இடக்கை படுக்கை விரிப்பைப் பற்றியது. பேச்சுத்தான் போயிருந்தது, காது நன்றாகக் கேட்டது. வைத்தியர் கடிதத்தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். கேதீஸ்வரி வாயைத் திறந்தால் வேலை போகலாம். திறக்காவிட்டால் நோயில்லாத ஒருவரின் மூக்கில் குழாய் ஏறும்.

“கடிதம் எழுதாதீங்க டொக்டர்” என்றாள். “அன்ரிக்கு வருத்தம் ஒண்டும் இல்ல. பிழை என்னில.”

கோயில் கதவு திறந்ததிலிருந்து அன்றுவரை நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். முதலில் வாய் திறந்தவள், பக்கத்துக் கட்டில்களைப் பார்க்கும் முஸ்லிம் தாதி அகீலா.

“அடி விசரி! இதையா புள்ள ஒரு கிழமையா வயித்துக்க வச்சிருந்தாய்? நான் வந்த முதல் நாளே சொன்னனான், நத்தார் பெருநாளுக்குப் பண்டியிறைச்சி சமைச்சா அந்தச் சட்டிப் பக்கமே வரமாட்டன் எண்டு. என்னை ஆரும் கடிச்சுத் தின்னல்லையே!”

“நீங்க பழைய ஆள். நான் புதுசு...”

“புதுசெண்டா வாய் இல்லையா? குளிர்த்தி முடியுமட்டும் மத்தியானத்தில அன்ரி என்ர பொறுப்பு. என்ர மூண்டு கட்டிலையும் நீ பாரு, அவங்க தங்கட கையால அள்ளித் தின்னுற ஆக்கள். மறுகா மாத்துவம்.”

வைத்தியர் சிரிக்கவில்லை. “விரதம் பிழையில்ல, கேதீஸ்வரி. பொய் எழுதினதுதான் பிழை. ஆறு நாளையும் வெட்டி, உண்மையான அளவை எழுதிக் கையொப்பம் வையுங்க. இன்னொருக்கா நடக்கப்படாது.” படிவத்தை அவளிடம் நீட்டி, “நானும் எவ்வளவு சாப்பிட்டா எண்டுதான் பார்த்தன், என்ன குடுத்ததெண்டு ஒருத்தரையும் கேக்கல்ல” என்றார். “இண்டைக்கு மீனோட குடுத்துப் பாருங்க. நாலு நாளில திரும்ப நிறுப்பம்.” கடிதத்தாள் பைக்குள் போயிற்று.

மத்தியானம் அகீலா மணலை மீனை முள்ளெடுத்துச் சோற்றில் பிசைந்தாள். முதல் கவளம் நெருங்குமுன்பே எத்தல் வாயைத் திறந்துவிட்டார். நான்காம் கவளத்தில் அகீலாவின் மணிக்கட்டை இடக்கையால் பிடித்து இழுத்தார்.

“பொறுங்க அன்ரி, மீன் எங்கயும் நீந்திப் போகாது! இஞ்ச பாரு கேதீஸ், இதுக்கா ஸ்கான் எடுக்கப் போனாங்க?”

எத்தலின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. மூன்றாவது கட்டிலின் முதியவருக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்த கேதீஸ்வரியும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. வேலை முடித்துக் கைகழுவி, வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றுப் பொதியை அவிழ்த்தாள். ஒரு கிழமையாக அந்தப் பொதி பாதியும் குறையாமலே வீடு திரும்பியிருந்தது. அன்றுதான் அவளுக்குப் பசித்தது.