இயக்கம்: திரு. அழகப்பன்

இது நடந்தது எந்த ஆண்டு என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. எண்பத்து நான்கு என்று நினைக்கிறேன். மதலேனா ஈசூனுக்கு வீடு மாறியதற்கு முன்பா பின்பா என்று யாராவது கேட்டால் தடுமாறுவேன். அவள் பேசியவற்றைவிடப் பேசாமல் இருந்த நேரங்களே என் மனதில் தங்கியிருக்கின்றன. அவற்றைச் சரியாகச் சொல்கிறேனா என்பதும் சந்தேகம்தான்.

மதலேனா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பலி முடிந்ததும் குவீன்ஸ்டவுன் சமூக நிலையத்துக்குப் போய் நாடக ஒத்திகை நடத்துவாள். அந்தக் குழுவின் நாடகங்கள் எல்லாவற்றையும் அவள்தான் இயக்கினாள். ஆனால் எந்த நிகழ்ச்சித் தாளிலும் அவள் பெயர் அந்த இடத்தில் வந்ததில்லை. அரங்க வாடகை கட்டுகிறவரின் பெயரை 'இயக்கம்' என்று அச்சடிப்பது குழுவின் வழக்கம். கட்டியவர் எப்போதும் ஒருவரே: பஃப்ளோ ரோட்டில் மளிகைக் கடை வைத்திருந்த அழகப்பன். முதல் முறை 'தயாரிப்பு' என்று போடலாமா என்று கேட்டபோது அவர் முகம் சுளித்தார்.

"தயாரிப்புன்னா ஊறுகாய் பாட்டில்ல போடுறதும்மா. நாடகத்துக்கு நல்லா இல்ல."

அன்றிலிருந்து அவர் இயக்குநர். ஒத்திகைப் பக்கம் எட்டிப் பார்த்தது கிடையாது. நாடக நாளன்று மேடையேறிப் பொன்னாடை வாங்கிக்கொண்டு நாலு வார்த்தை பேசுவார்.

மதலேனா அதைப் பெரிதாக எண்ணியதில்லை, முந்தைய ஆண்டு நாடகம் வரும்வரை. ஜூரோங் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண், சம்பளத்தை இனி அண்ணன் கையில் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டுப் போகிற கதை. மதலேனாவே எழுதியது; அந்தப் பெண்ணாக நடித்தவள் பிரிஜட். மேடையேற்றத்துக்குச் சில நாள் இருக்கும்போது அழகப்பன் சொல்லியனுப்பினார்: அந்தப் பெண் கடைசியில் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வாடகை கிடையாது. கேட்க வைத்தாள். கைதட்டல் பலமாக இருந்தது. திரைக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அரசாங்க அலுவலகம் ஒன்று, சமூக நாடகங்களை இயக்குகிறவர்களுக்கென்று ஒரு மானியத்தை அறிவித்தது. இயக்குநரின் கையிலேயே கொடுப்பது. எந்த நாடகம், அது எப்படி முடிய வேண்டும் என்பதெல்லாம் அவர் விருப்பம். மதலேனா விண்ணப்பித்தாள். அதே நாடகம்; அந்தப் பெண் வெளியே போகிற முடிவோடு.

அஹமது கபீர் என்ற அதிகாரி அவளை அழைத்து, நிகழ்ச்சித் தாள்களை மேசைமேல் பரப்பினார்.

"எல்லாத்துலயும் அழகப்பன்னுதான் போட்டிருக்கு. அவர்தானே டைரக்டர்?"

"அவர் ஹால் வாடகை கட்டுறவர்."

"வாடகை கட்டுறவரை ஏன் டைரக்டர்னு போட்டீங்க?"

அவள் விளக்கினாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. கபீர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"நான் நம்புறேன் லா. ஆனா கமிட்டி ப்ரூஃப் கேக்கும் மிஸ் மதலேனா."

அன்று மாலையே செய்தி அழகப்பன் கடைக்குப் போய்விட்டது. கொண்டுபோனவன் சிலுவைராஜ், பேருந்து ஓட்டுநர், நாடகத்தில் அண்ணன் வேடம் அவனுக்கு. அவனே அவளையும் கடைக்கு அழைத்து வந்தான்.

"இதுல என்னம்மா சங்கடம்? என் பேர்ல கேப்போம்," என்றார் அழகப்பன். "சாட்சியெல்லாம் அச்சடிச்சே இருக்கு. வர்றத அப்படியே உன் கையில குடுத்துடுறேன்."

"கடைசி சீன்?"

"குடும்பத்தோட பாக்குற நாடகம். மன்னிப்பு கேட்டா என்ன கொறஞ்சா போயிடும்?"

"ஒத்துக்கக்கா," என்றான் சிலுவைராஜ். "நீ முறுக்கிக்கிட்டு நின்னா எனக்கு மறுபடியும் பஸ்ஸு மட்டுந்தான்."

மதலேனா மிளகாய் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பெண் வந்து பருப்பு வாங்கிக்கொண்டு போனாள். இன்னொருவர் வந்து நல்லெண்ணெய் விலை கேட்டுவிட்டுப் போனார்.

"வேண்டாம்ணே. என் பேர்லதான் கேப்பேன்."

மறுநாள் கபீரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "தாள்ல இல்லாதத ஒத்திகைல வந்து பாருங்க," என்றாள்.

அவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். அழகப்பனும் வந்திருந்தார், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில். நாடக நாளன்று செய்கிற பழக்கத்தில் நடிகர்கள் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்துக் கோப்பியும் கொடுத்திருந்தார்கள். கபீர் நேராக அவர் பக்கத்தில் போய் நின்று ஏதோ கேட்டார். அழகப்பன் தலையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னார்.

மதலேனா சுவரோரம் நின்றிருந்தாள். பெரிய மனிதரை எல்லார் எதிரிலும் எழுப்பினால் குழுவில் பாதிப்பேர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அடுத்த ஆண்டு அரங்கமும் போய்விடும். தரையில் நாடகத்தில் வரும் வீட்டின் அமைப்பைச் சாக்பீஸால் அவளே வரைந்திருந்தாள். நாற்காலியின் கால்கள் அந்தக் கோட்டின் மேல் நின்றன. அவள் நடந்து போனாள்.

"அண்ணே, எழுந்திருங்க. நீங்க உக்காந்திருக்கிறது வாசல்."

"என்ன வாசல்?"

"பிரிஜட் இந்த வழியாத்தான் வெளிய போகணும்."

அழகப்பன் கீழே பார்த்தார். கோட்டைக் கண்டார். கோப்பிக் குவளையோடு எழுந்து நின்றார். சிலுவைராஜ் மேற்கூரையைப் பார்த்தான். மதலேனா நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஒத்திகையைத் தொடங்கினாள்.

"அழாத, பிரிஜட். கோவமும் வேணாம். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா எப்படிப் போவ? அப்படிப் போ."

பிரிஜட் போனாள். "இல்ல, மறுபடியும்." மறுபடியும் போனாள். அதற்கடுத்த முறை சிலுவைராஜ் வசனத்தை மறந்து, நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டான். "அத அப்படியே வச்சுக்க," என்றாள் மதலேனா. "வசனம் வேணாம்." பிரிஜட் அந்தக் கையைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். அழகப்பன் தன்னையறியாமல் ஒதுங்கி வழிவிட்டார்.

முடிந்ததும் கபீர் அவரிடம் திரும்பினார். "சார், நீங்க என்ன சொல்றீங்க?"

அழகப்பன் ஆறிப்போன கோப்பியைக் குடித்து முடித்தார்.

"ஒத்திகைன்னா என்னன்னு இன்னிக்குத்தான் பாக்குறேன் தம்பி. நான் வாடகை கட்டுறவன்." பிறகு மதலேனாவைப் பார்த்தார். "உன் பேர்லயே வாங்கிக்க. வாடகையையும் நீயே பாத்துக்க."

"சரிண்ணே."

அந்த ஆண்டு மானியம் கிடைக்கவில்லை. வாய்ச்சொல்லை மானியக் கமிட்டி ஏற்கவில்லை, அச்சில் வந்த சான்று வேண்டும் என்றது. மதலேனா பங்குத்தந்தையிடம் போய்க் கோயிலுக்குப் பின்னால் இருந்த சிறிய கூடத்தைக் கேட்டு வாங்கினாள். மறைக்கல்விப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் ஆட்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிரிஜட் வெளியே போனாள். கைதட்டல் உடனே வரவில்லை. சிலுவைராஜின் கை வெறுமனே நீண்டிருக்க, கூடம் பேச்சுமூச்சில்லாமல் இருந்தது. மறுநாள், தன் பெயர் அச்சான ஒற்றைத் தாளை மதலேனா கபீரின் மேசையில் வைத்தாள்.

அடுத்த ஆண்டு மானியம் அவளுக்குக் கிடைத்தது. அதைக் கொண்டு மூன்று நாடகங்கள் போட்டாள். வேலை மாறியதும் நிறுத்திக்கொண்டாள். கபீர் வேறு இலாகாவுக்குப் போனார். பிரிஜட் கல்யாணமாகிப் பெர்த் நகரத்தில் இருக்கிறாள். சிலுவைராஜ் ஓய்வுபெறும்வரை பேருந்து ஓட்டினான், இடையிடையே நடித்தான். அழகப்பன் மதலேனாவின் கடைசி நாடகத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். கடையை மகனிடம் ஒப்படைத்த மறுவருடம் இறந்தார்.