மூடிய தகடு

எல்லோரும் சௌக்கியமா, முட்டி வலி, இருமல், பிள்ளைகளின் காய்ச்சல் எல்லாம் எப்படி இருக்கிறது, எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன், கையில் எண்ணெய் தெறித்துக் கொப்புளம் கிளம்பியிருக்கிறது, அதுவும் வலிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம்... நேற்று என் தங்கை துர்துகான் இறந்து நாற்பதாம் நாள். அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து போர்சோக் பொரித்துக்கொண்டிருந்தேன், மாவைச் சின்னச் சதுரமாக வெட்டி எண்ணெயில் போட வேண்டியது, உப்பியதும் எடுக்க வேண்டியது, அந்த வாசம் போனவர்களிடம் போய்ச் சேரும் என்பார்கள், சேர்ந்ததா துர்துகான், என்று கேட்டுப் பார்த்தேன், அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, அடுத்த சதுரத்தைப் போட்டேன். எதிரே அதே அடுப்பு. அதன் புகைப்போக்கியில் அதே தகடு. தள்ளினால் மூடும், இழுத்தால் திறக்கும், உள்ளங்கை அளவு இரும்பு. நிலக்கரி முழுக்கச் சாம்பலாகும் முன்னால் அதைத் தள்ளிவிட்டால் சூடு வீட்டுக்குள்ளேயே நிற்கும், கரியின் விஷவாயுவும் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது... பெகாயிம் தள்ளினாள். வந்து ஒரு குளிர்காலம்கூட முடியாத மருமகள். அடுப்போரம் படுத்திருந்த மாமியார் காலையில் எழுந்திருக்கவில்லை, பக்கத்துக் குளிர் அறையில் படுத்திருந்த இவள் எழுந்தாள். குபாத், என் தங்கை மகன், அவள் புருஷன், அன்று லாரியோடு நாரின் நகரத்துக்குப் போயிருந்தான். நடந்தது இவ்வளவுதான்.

குல்ஜாத் மாவை வெட்டிக்கொண்டே பேசினாள். துர்துகானின் மூத்த மகள், அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள், அம்மா போனதிலிருந்து இங்கேயே இருக்கிறாள், தேநீருக்கு வெந்நீர் கொதிக்கிற சமோவார் பக்கம்கூடப் பெகாயிமை விடவில்லை, தேநீர் ஊற்றுவது மருமகளின் வேலை, அதைப் பிடுங்கிக்கொண்டால் பாதி வீட்டைப் பிடுங்கிய மாதிரி. "பெரியம்மா, அவ ஏன் அந்த ரூம்ல படுத்தா? தெரிஞ்சுதான் படுத்தா." அது அவளும் குபாத்தும் படுக்கிற அறைடி, என்றேன். "அவன்தான் ஊர்லயே இல்லையே, அம்மா பக்கத்துல படுத்தா கால் தேஞ்சிடுமா? வந்த வாரமே அம்மாவுக்குக் கிண்ணம் நிறைய டீ ஊத்தினாளே, அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு எனக்கு." எனக்கும் ஞாபகம் இருக்கிறது, நானும் அங்கேதான் இருந்தேன், கொஞ்சமாக ஊற்றித் திரும்பத் திரும்ப வாங்கி ஊற்றினால்தான் மரியாதை, நிரப்பினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள், புதுப் பெண் கை நடுங்கி விளிம்பு வரை ஊற்றிவிட்டாள், துர்துகான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், "என்னடி, வந்ததும் வராததுமா என்னைத் துரத்துறியா?" என்று. அன்று அது வேடிக்கை. இன்று அது சாட்சி. முதலில் கவனமில்லாதவள் என்றார்கள், பிறகு திமிர் பிடித்தவள் என்றார்கள், இப்போது தெரிந்தே செய்தவள்... தள்ளிய கை அதேதான், தகடு அதேதான், அவள் மனசுக்குள் இருந்ததை மட்டும் இவர்கள் மாற்றிக்கொண்டே வருகிறார்களே, அது எப்படி? "சாப்பாடு முடிஞ்சதும் அவளை அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடுடான்னு குபாத்கிட்ட சொல்லிட்டேன். பெரியம்மா என்ன சொல்றாங்களோ அதுதான்னுட்டான். இப்ப நீங்கதானே அம்மா ஸ்தானம்." குல்ஜாத் கத்தியைத் துடைத்தாள். நான் போர்சோக்கைப் புரட்டினேன், கருகியிருந்தது.

என்ன சொல்வது? காலையில் பெரிய அண்டா வாங்க எதிர்வீட்டுக்குப் போனேன், அடுப்பில் கரி சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கிறது, தகடு மூடியிருக்கிறது, அந்த வீட்டு அம்மாள் அடுப்பின் பக்கச் சுவரில் சாய்ந்தபடி "அந்தப் பொண்ணுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு" என்கிறாள். ஊரே தகட்டைத் தள்ளுகிறது, ஒருத்தி வீட்டில்தான் சாவு வந்தது, அதனால் ஒருத்திதான் குற்றவாளி. என் கணவர் ஆற்றைக் கடக்கும்போது குதிரையோடு வெள்ளத்தில் போனாரே, யாராவது சேணத்தை யார் கட்டியது என்று கேட்டார்களா, விதி என்றார்கள், அழுதார்கள், கறி சாப்பிட்டார்கள், போனார்கள்... இதே தகட்டால் பெகாயிம் செத்து என் தங்கை பிழைத்திருந்தால் துர்துகானைக் கொலைகாரி என்றிருப்பார்களா? மாட்டார்கள். பாவம், விவரம் தெரியாத பெண் என்று செத்தவள் தலையிலேயே போட்டிருப்பார்கள். ஆனால் நான் சொல்ல வேண்டியது இதுவல்ல, வேறொன்று, நாக்கின் அடியில் அன்றிலிருந்து கிடக்கிறது. சாயங்காலமானால் துர்துகான் போடும் சத்தம், என் காதாலேயே கேட்டிருக்கிறேன், "தகட்டைத் தள்ளுடி பொண்ணே, கரி என்ன வானத்துலேருந்தா கொட்டுது?" பெகாயிம் அதை யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள், புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரையே உச்சரிக்கக் கூடாத பெண், மாமியார்மேல் பழி சொல்வாளா, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், பார்த்தியா, பேச வாயில்லை என்றார்கள். உயிரோடு இருப்பவளைக் காப்பாற்ற வேண்டுமானால் செத்தவளை நான் இழுக்க வேண்டும், அவள் நாற்பதாம் நாளில், அவளுக்காகப் பொரித்த வாசம் போவதற்குள்.

சாப்பாடு முடிந்தது, மௌல்வி துவா செய்துவிட்டுக் கிளம்பினார், நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். குல்ஜாத் தேநீர் ஊற்றினாள். கதவோரம் பெகாயிம். குபாத் என்னைப் பார்த்தான். சொல்லிவிட்டேன். துர்துகான்தான் தினமும் மூடச் சொல்வாள், அவள் சொன்னதைத்தான் இந்தப் பெண் செய்தாள், என்று. என் குரல் யாரோ பேசுவதுபோலக் கேட்டது எனக்கு. "அப்ப எங்கம்மா அவங்களாவே செத்தாங்கங்கிறீங்களா பெரியம்மா?" குபாத் சத்தம்கூடப் போடவில்லை. குல்ஜாத்துக்குக் கை நின்றுவிட்டது, அம்மா சாயங்காலம் போடும் அந்தச் சத்தம் அவளுக்கும் தெரியும், அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே. அப்போதுதான் பெகாயிம் வாய் திறந்தாள். "இல்ல பெரியம்மா. அன்னைக்கு அத்தை ஒண்ணும் சொல்லல. தலைவலின்னு சீக்கிரமே படுத்துட்டாங்க. நானாத்தான் தள்ளினேன்." அது உண்மையா, மரியாதையா, எனக்குத் தெரியவில்லை, அந்த முகத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை, என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பிறகு குபாத் காலிக் கிண்ணத்தை எடுத்து, அக்காவைத் தாண்டி, பெகாயிம் பக்கம் நீட்டினான். அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும், இரு என்று பொருள். அவள் வந்து வாங்கினாள், சமோவாரின் குழாயைத் திறந்தாள், கொஞ்சம் விழுந்தது, பாதி வந்தது, நிறுத்துவாள் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை, விளிம்பு வரை ஊற்றி ஒரு சொட்டு சிந்தாமல் அவன் கையில் கொடுத்தாள். ஊற்றும்போது அவள் கண் கிண்ணத்தில் இல்லை, அடுப்புத் தகட்டில் இருந்தது. குபாத் அதைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை, விரல் சுட்டிருக்கும். குல்ஜாத் என்னைப் பார்த்தாள். கவனிக்கவில்லை பாவம், என்று சொல்ல வாயெடுத்தேன்... பெகாயிமின் கையைப் பார்த்தேன், நடுங்கவே இல்லை, அப்படியென்றால் தெரிந்துதான் ஊற்றினாளோ, என்று மனசு தானாகக் கேட்டது, குல்ஜாத் கேட்ட அதே கேள்வி, அதே ராகம்.

அவர்களை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன், இப்போதுதான் கொப்புளம் லேசாக எரிய ஆரம்பிக்கிறது. நீங்கள் அங்கே இருந்திருந்தால் அந்தக் கிண்ணத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பீர்கள், உங்கள் வீடுகளிலும் இப்படி ஏதாவது நடந்திருக்கும், ஒரு கை எதையோ செய்திருக்கும், மனசில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது, எழுதுங்கள், நான் படிக்கிறேன்.