மூன்றாம் ஜன்னலுக்குக் கீழே

வடக்குச் சுவரை ஒட்டிக் கால்வாய் வெட்டப் போகிறார்கள் என்ற செய்தி, கெசியா தேவாலயத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் காதில் விழுந்தது. அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள்.

சொன்னவர் குருவானவர் லிடன். வெதர்லோ திருச்சபையின் அறுநூறு ஆண்டுக் கதையை அவர் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். ஊரில் பிறந்தவர்கள், மணந்தவர்கள், அடக்கமானவர்கள் அத்தனை பேரும் பதிவான ஏடுகள் வடசுவர் ஓரத்துப் பெட்டியில் இருந்தன. கூரையிலிருந்து வழியும் மழைநீர் சுவரடியில் ஊறி, பெட்டிக்கு அடியில் பூஞ்சை பிடித்திருந்தது. நீரை ஓடைப் பக்கம் திருப்பாவிட்டால் ஊரின் சரித்திரமே அழுகிப் போய்விடும் என்றார். வெட்டப் போகிறவன் கெசியாவின் கணவன் ஆமோஸ். கோயில் மணியை அடிப்பதும் கல்லறைக் குழி தோண்டுவதும் அவன் வேலை.

அந்த மழைநீரை நம்பித்தான் ஒன்பது வருடங்களுக்கு முன் அவள் அந்தச் சுவரடிக்கு வந்தாள். அப்போது அவள் ஒரு பண்ணையில் பால் வேலை செய்துகொண்டிருந்தாள். ஆமோஸை அவளுக்குத் தெரியாது. வைக்கோல் கொட்டிலில் தனியாகப் பெற்றெடுத்த பிள்ளை அழவே இல்லை. ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளைக்கு ஜெபமும் கிடையாது, மற்றவர்களோடு இடமும் கிடையாது. ஆனால் கோயில் கூரைமேல் விழுந்து வழிகிற மழை பரிசுத்தமானது, அது சொட்டும் இடத்தில் கிடக்கும் பிள்ளையை அதுவே நனைத்து ஏற்றுக்கொள்ளும் என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதுண்டு. இடுப்பில் கட்டியிருந்த நீலக் கட்டம் போட்ட ஏப்ரனை இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியில் பிள்ளையைச் சுற்றி, பித்தளை ஊசியைக் குத்தி, மூன்றாம் ஜன்னலுக்குக் கீழே புதைத்தாள்.

பிறப்பை மறைத்தவளுக்குச் சிறை. பக்கத்து ஊரில் ஒருத்தியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை அவள் பார்த்திருக்கிறாள். பிள்ளை செத்துத்தான் பிறந்தது என்று அந்தப் பெண் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போனாள். வண்டி நிற்கவில்லை.

வெட்டத் தொடங்கிய முதல் நாள் சாயங்காலம் ஆமோஸ் வீட்டுக்கு வந்து வெகுநேரம் கை கழுவினான். சூப்பைத் தொடவில்லை. அவன் அதிகம் பேசாதவன். அதற்காகவே அவனைக் கட்டிக்கொண்டாள். அவனும் அவளிடம் பழைய கதை எதையும் கேட்டதில்லை.

"எலும்பு கிடைச்சுது," என்றான் கடைசியில். "சின்னச் சின்ன எலும்பு. குருவிக் கூட்டுக் குச்சி மாதிரி. முதல் ஜன்னல் வர்றதுக்குள்ள ஏழு பேரு, கெசியா."

அவள் ரொட்டியை அறுத்துக்கொண்டே இருந்தாள்.

குருவானவர் அதிர்ந்துபோகவில்லையாம், சந்தோஷப்பட்டாராம். எல்லாம் நூற்றாண்டுகளுக்கு முந்தியவை, புத்தகத்துக்கு ஒரு அத்தியாயம் ஆயிற்று என்றாராம். ஆனால் துணியோ ஊசியோ தென்பட்டால் அது சமீபத்தியது, அதைப் போலீஸுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றாராம். இனி தானே வந்து பக்கத்தில் நிற்கப் போகிறாராம்.

ஒரு நாளைக்கு ஒரு ஜன்னல். கெசியா கணக்குப் போட்டாள். அவளே போய்த் தோண்டி எடுத்துவிடலாம். ஆனால் குருவானவர் வீட்டு எழுதும் அறை அந்தச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. எடுத்தாலும் எங்கே கொண்டுபோவது? ஒன்பது வருட மழையை விட்டு எந்த மண்ணில் வைப்பது?

மறுநாள் மதியம் அவள் சாப்பாட்டு மூட்டையோடு போனபோது, மருத்துவச்சி டோர்காஸ் மதிலுக்கு வெளியே நின்று ஆமோஸைச் சீண்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயாவுக்குக் கால்வாய் வெட்டுறியா, இல்ல நீ நீட்டிப் படுக்க இடம் பாக்குறியா? வெளியூருக்காரன் உன் காலு நீளத்துக்கு நம்ம ஊரு மண்ணு பத்தாதே!"

ஆமோஸ் சிரித்தான். கெசியாவின் கண் சுவரடியையே தேடுவதைப் பார்த்ததும் டோர்காஸின் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. மதிலோரமாக நடந்து வந்து, செடியைப் பார்ப்பவள் போலக் குனிந்து கேட்டாள்.

"உன்னுது எத்தனையாவது ஜன்னல்?"

கெசியா மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னுது முதல் ஜன்னலுக்கு இந்தப் பக்கம். நேத்தே வெளிய வந்துடுச்சு," என்றாள் டோர்காஸ். "நாப்பது வருஷம் ஆச்சு. அதனால பழசுன்னு எழுதிக்கிட்டார் ஐயா." நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் கெசியா மதியம் வரை காத்திருக்க முடியாமல் சீக்கிரமே போனாள். குருவானவர் குறிப்பேட்டோடு குழியின் விளிம்பில் நின்றிருந்தார். ஆமோஸின் மண்வெட்டி மூன்றாம் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. மூட்டையை எப்போதும் போல ஜன்னல் கல்லின் மேல் வைத்தாள். தூறல் விழுந்தது. குறிப்பேடு நனையாமலிருக்கக் குருவானவர் முன்மண்டபத்துக்குள் ஒதுங்கினார்.

மண்வெட்டி நின்றது. ஆமோஸ் குந்தி உட்கார்ந்து விரல்களால் மண்ணை விலக்கினான். சுற்றியிருந்த துணியெல்லாம் மக்கிப் போயிருந்தது. பித்தளை ஊசி பச்சைபிடித்துக் கிடந்த இடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்குத் துணி பிழைத்திருந்தது. நீலக் கட்டம்.

அவன் அதைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி ஜன்னல் கல்லின் மேலிருந்த சாப்பாட்டு மூட்டையைப் பார்த்தான்.

அவளும் அப்போதுதான் பார்த்தாள். ஏப்ரனின் மறுபாதி. கல்யாணமான நாள் முதல் தினமும் அவனுக்கு அவள் ரொட்டி கட்டிக் கொடுத்த துணி. தூக்கி எறிய மனம் வராமல் வைத்துக்கொண்டது, பிறகு வெறும் துணியாகவே பழகிவிட்டது.

கூரை விளிம்பிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. ஆமோஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏன் நிறுத்திட்டே, ஆமோஸ்?" முன்மண்டபத்திலிருந்து குருவானவர் வந்துகொண்டிருந்தார்.

ஆமோஸ் எழுந்தான். காலால் மண்ணைத் தள்ளி மூடி, அதன்மேல் நின்றான்.

"அஸ்திவாரக் கல்லு ஆடுது, ஐயா. இதுக்கு மேல தோண்டினா சுவரு நம்ம தலையிலதான் விழும். இங்கயிருந்தே ஓடைப் பக்கம் திருப்பிடலாம்."

குருவானவர் சுவரை அண்ணாந்து பார்த்தார். பயந்தவராக இரண்டடி பின்னுக்குப் போனார். மூன்றாம் ஜன்னலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மழை வலுப்பதற்குள் வீட்டுக்குக் கிளம்பினார்.

ஆமோஸ் வெட்டிய குழி முழுவதையும் மூடவில்லை. அந்த மூன்றடியை மட்டும் மூடி, மண்வெட்டியின் முதுகால் மெல்லத் தட்டினான். பிறகு மதிலில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்து ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் தின்றான். ஒரு துணுக்கு விடாமல், அவசரமில்லாமல். கெசியா மழையில் நின்றாள். ஏதாவது சொல்லிவிட மாட்டானா என்றிருந்தது. சொல்லிவிடுவானோ என்றும் இருந்தது.

தின்று முடித்து, துணியை உதறி, நான்காக மடித்து அவள் கையில் வைத்தான்.

"நாளைக்கு வேற துணியில கட்டிக் கொண்டா," என்றான்.

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தான். அவள் துணியை மார்போடு வைத்துக்கொண்டு, மூடிய மண்ணின் மேல் கூரைநீர் சொட்டுவதைப் பார்த்தபடி நின்றாள்.