மதியக் கதவு

பகல் ஒரு மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் எந்தக் கதவைத் திறந்தாலும், அது கடல் தாண்டிய ஒரு நாட்டின் சின்ன உணவகத்துக்குள்தான் திறந்தது. வீட்டுக் கதவு, பீரோ கதவு, பழுது பார்க்கப் போன லிஃப்டின் கதவு, எல்லாம் ஒன்றுதான். திறக்காமல் இருக்கலாமே என்றால், அவருக்குக் கதவுதான் பிழைப்பு. முன்பு கம்பெனி அவரைப் பயிற்சிக்காக அந்த நாட்டுக்கு அனுப்பியிருந்தபோது, மழைக்கு ஒதுங்கியவரை உணவகத்துக்கார அம்மாள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கேட்காமலேயே தட்டு தட்டாகப் பரிமாறினாள். பாஷை தெரியாத மனுஷன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வாசலில் நின்று மரியாதையாக, "போயிட்டு வரேம்மா" என்றார். கதவு அதை அப்படியே நம்பிவிட்டது.

சாப்பிட்டு வெளியே வந்தால் புறப்பட்ட இடத்திலேயே நிற்பார். வேலை கெடாததால் கம்பெனி கண்டுகொள்ளவில்லை. மனைவிக்குத்தான் தாங்கவில்லை. அவள் கட்டிக் கொடுத்த டிபன் கேரியர் மூன்று வருஷமாகத் திறக்காமலே திரும்பி வந்தது. "நான் கட்டினது ஆறிப்போய்க் கெடக்கு, நீங்க கடல் தாண்டிப் போய் மூக்கு முட்டச் சாப்பிட்டு வரீங்க. இந்த வீட்ல நான் எதுக்கு?" என்று ஒருநாள் அழுதேவிட்டாள். 'போறேன்' என்று ஒரே ஒரு தடவை சொன்னால் விவகாரம் தீர்ந்துவிடும் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் சோறு போட்ட இடத்தில் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தினமும் பழையதையே சொல்லிவிட்டு வந்தார்.

"நகருங்க, நான் சொல்றேன்" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கேரியரையும் தூக்கிக்கொண்டு, அவர் சட்டையைப் பிடித்தபடி பீரோவுக்குள் புகுந்தாள். உணவகத்துக்கார அம்மாள் கேரியர் தனக்குத்தான் என்று நினைத்து வாங்கி, நின்ற வாக்கிலேயே எல்லா அடுக்கையும் காலி செய்து விரலைச் சூப்பினாள். மனைவி காலி அடுக்குகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தாள். வாசலுக்கு வந்து, மனப்பாடம் செய்து வைத்திருந்த சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"போயிட்டு வரோம்க்கா."

மெக்கானிக் சிரிக்கவில்லை. சிரித்தால் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ பீரோவை உள்ளிருந்து தட்டினார்கள். அம்மாள் கழுவிய கேரியரோடு நின்றாள். உட்கார்ந்து சாப்பிட்டாள், இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது, மூன்று வருஷமாகக் கேட்ட சொல்லை அட்சரம் பிசகாமல் சொன்னாள்: "போயிட்டு வரேம்மா."

மறுநாளிலிருந்து மனைவி மூன்று பேருக்கு உலை வைத்தாள். பீரோவில் தொங்கிய புடவைகளையெல்லாம் கொடிக்கு மாற்றினாள். வருகிறவள் முகத்தில் இடிக்கக் கூடாதல்லவா.