ஒப்புக்கொண்டவன்

அன்று உம்தா வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள், பள்ளி ஆசிரியர் எழுதிய தாளின்படி:

உம்தா ஃபர்காலி, ஊர்த் தலைவர்.
காவல் நிலைய அதிகாரி ஒருவர். பெயர் எழுத வேண்டாம் என்றார்.
ஹஜ் அப்துல் ஜவாத், உம்தாவின் தம்பி.
அபூனா பகூம், எங்கள் கோயில் பாதிரியார்.
லம்ஈ, கோயில் கட்டடக் குழுத் தலைவர்.
முஸ்லிம் பக்கத்திலும் கிறிஸ்தவப் பக்கத்திலும் பெரியவர்கள், பக்கத்துக்கு நான்கு பேர்.
வனீஸ், பாதிக்கப்பட்டவர்.

கடைசி ஆள் நான். லம்ஈ என் தாய்மாமன். 'பாதிக்கப்பட்டவர்' என்பதை ஆசிரியர் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.

கூட்டம் மஹ்ரூஸுக்காக. அவன் பெயர் தாளில் இல்லை. எங்கள் வேதபாடக் கூடத்தை எரித்தான் என்று பதினேழு நாளாகக் காவல் நிலைய அறையில் கிடந்தான். ஹஜ் அப்துல் ஜவாத் அவனுடைய அப்பா. ஏற்பாடு எளிமையானது. கிழவர் தன் கஃபனை, தன்னைப் புதைக்கச் சுற்றும் வெள்ளைத் துணியை, தானே இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பார். 'என் மகன் செய்தான், எங்கள் உயிர் உன் கையில்' என்று அதற்கு அர்த்தம். நான் துணியை வாங்கிக்கொள்வேன். புகார் வாபஸ் ஆகும். மஹ்ரூஸ் வீட்டுக்குப் போவான். கூடத்தை மறுபடி கட்டுவதற்கு, இந்த முறை மாடியோடு கட்டுவதற்கு, ஊரில் யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள். அந்த மாடிக்காக மாமா ஒன்பது வருடம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருந்தார்.

எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிற ஏற்பாடு. ஒரே சிக்கல், மஹ்ரூஸ் எதையும் எரிக்கவில்லை. எரித்தவன் நான்.

வேண்டுமென்று செய்யவில்லை. மின்யா நகரத்தில் கல்லூரியை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவனுக்கு மாமா பிடித்துக்கொடுத்த வேலை, கோயில் இரவுக் காவல். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு பீடத்துப் பக்கம் நின்று பாடவும் செய்வேன். அங்கி போடுகிறவன் புகைபிடிக்கக் கூடாது. பிறப்புத் திருநாளுக்கு முந்தைய நோன்பில் அதைச் சொல்லவே வேண்டாம். நான் புகைப்பேன். பொழுது சாய்ந்து காவலுக்கு வந்ததும் கூடத்தின் பின்னறையில், நாடகத்துக்கு வைத்திருந்த இறக்கைகளும் காகிதக் கிரீடங்களும் கிடக்கிற அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, ஒன்று பற்றவைப்பேன். அன்றைக்குப் பாதி புகைத்திருந்தபோது மாமாவின் செருமல் கேட்டது. துண்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் சுண்டிவிட்டு வெளியே வந்து அவரோடு நின்று பேசினேன். கால் மணி நேரம் பேசினோம். கோயில் ஒலிபெருக்கியைப் பற்றி. எதிர்ச்சாரியில் வெல்டிங் கடை வைத்திருக்கிற மஹ்ரூஸ், பத்துப் பேர் முன்னால், "இந்தச் சனியன் பிடிச்ச ஸ்பீக்கரை ஒருநாள் கொளுத்திடுறேன் பாரு" என்று கத்தினானாம். அதைப் பற்றித்தான்.

பிறகு புகை வந்தது. நான் உள்ளே ஓடினேன். என் கோட்டு உள்ளே இருந்தது, பையில் சிகரெட்டும் தீப்பெட்டியும். அதை எடுக்கத்தான் ஓடினேன். கோட்டை வாரிச் சுருட்டியபோது அது போர்த்திக்கிடந்த மாதாவின் படமும் சேர்ந்து வந்துவிட்டது. வெளியே நின்றவர்கள் கோட்டைப் பார்க்கவில்லை. கை இரண்டும் வெந்து, மாதாவை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறவனைப் பார்த்தார்கள்.

மருத்துவமனையில் அதே அதிகாரி வந்து கேட்டார்.

"யாரையாவது பார்த்தியா?"

"யாரோ ஓடின மாதிரி இருந்துச்சு."

"மஹ்ரூஸா?"

"இருக்கலாம்."

அவ்வளவுதான் நான் சொன்னது. அவர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்ட கேள்வியிலேயே பதில் இருந்தது. நான் அதைத் தடுக்கவில்லை.

எங்களிடம் ஒரு சொல் உண்டு. விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவன் சாட்சி. அடிபட்டு, சுடுபட்டு, சாகாமல் மிஞ்சியவன் முதரிஃப், அதாவது ஒப்புக்கொண்டவன். மனிதர்கள் முன்னால் மஸீஹை, கிறிஸ்துவை, ஒப்புக்கொண்டவன். பழைய காலத்துப் புனிதர்கள் பாதிப்பேருக்கு அந்தப் பட்டம்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் என்னை அப்படிக் கூப்பிட்டாள். சாயங்காலத்துக்குள் அது ஊருக்கே போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகு கட்டு மாற்றுகிற நாளில் நாலைந்து பேர் வந்து நிற்பார்கள், அவிழ்த்த துணியில் ஒரு துண்டு வேண்டும் என்று. களிம்பும் சீழும் ஒட்டிய துணி. என் அம்மா கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். மூட்டு வலிக்குக் கட்டியதில் வலி போய்விட்டதாக ஒருத்தி வந்து சொன்னாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. இரவுக் காவல்காரனுக்குத் தூக்கம் போவது ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். நான் பகலில் தூங்குகிறவன். பகல் தூக்கமும் போனது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அபூனாவிடம் போனேன். மண்டியிட்டேன். மரச்சிலுவையை என் தலைமேல் வைத்துக்கொண்டு குனிந்து கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், சிகரெட்டிலிருந்து.

பிறகு, "வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்றார்.

"இல்ல அபூனா."

"கடவுள்கிட்ட சொல்லியாச்சு. மன்னிச்சுட்டார். எழுந்திரு."

"மஹ்ரூஸ்?"

"வெள்ளிக்கிழமை வெளிய வந்துடப்போறான். எல்லாம் நல்லபடியா முடியிற நேரத்துல ஏன்டா கிளறுற?"

"அவன்தான் செஞ்சான்னு முடியப்போகுது அபூனா."

சிலுவையை எடுத்துவிட்டார். அதன் கனம் போன இடம் தலையில் குறுகுறுத்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இங்க கேட்டதை வெளிய சொல்ல எனக்கு வாய் கிடையாது. உனக்கு இருக்கு. நீ என்ன பண்ணணும்னு என்கிட்ட கேக்காத. நானும் மாடி கட்டணும்னு நினைக்கிறவன்தான்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து உம்தா வீட்டில் எல்லாரும் உட்கார்ந்தோம். தேநீர் வந்தது. என் கையில் கோப்பையைப் பிடிக்க முடியாது என்று மாமா ஊதி ஊதி எனக்குக் குடிக்கக் கொடுத்தார். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை போதுமா என்று ஆசிரியர் கேட்டார். ரேகை வெந்துபோய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். ஒருவர் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

ஹஜ் அப்துல் ஜவாத் வெளிவாசலிலிருந்து செருப்பில்லாமல் நடந்து வந்தார். நீட்டிய கைகளின் மேல் வெள்ளைத் துணி. என் முன்னால் வந்து நின்று, ஆசிரியர் சொல்லிக்கொடுத்த வாசகத்தைச் சொன்னார். 'என் மகன்' என்ற இடத்தில் மட்டும் நின்று மூச்சு வாங்கினார்.

நான் கையை நீட்டப்போனேன். உம்தா இடையில் புகுந்தார்.

"இரு மகனே. அவர் கஃபனைக் கொண்டுவந்துட்டார். உன் பக்கத்துலேர்ந்தும் ஒரு வார்த்தை வேணும். எங்காளுன்னா குர்ஆன் மேல கைவைப்பான். நீ உன் மஸீஹ் மேல ஆணையிட்டுச் சொல்லு, பார்த்தது மஹ்ரூஸைத்தான்னு. நாளைக்கு எவனும் பேச்சை மாத்தக் கூடாது பாரு."

மாமா என் காதோரம் குனிந்தார். அவர் குரல் குழைந்திருந்தது. "சொல்லுடா. சத்தமாச் சொல்லு. அவங்க கூடத்துலயே உக்காரவச்சு அந்தப் பேரைச் சொல்லச் சொல்றாங்க. எங்கப்பன் காலத்துல இது நடக்குமா?"

அந்தப் பெயரைச் சொல்லப் பயந்தவனில்லை நான். ராணுவத்தில் இருந்தபோது முகாமில் ஒருவன் என் மணிக்கட்டில் பச்சை குத்திய சிலுவையைப் பார்த்து முகத்தைச் சுளித்தான் என்று சட்டைக் கையை நாள் முழுக்க முழங்கைவரை மடித்துவிட்டே திரிந்தேன். பேருந்தில், பரீட்சைக் கூடத்தில், பேர் கேட்ட இடத்திலெல்லாம் முழுப் பெயரையும் சொன்னவன். அங்கேயெல்லாம் நான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு ரோஷம் போதும். இப்போது அவர் பெயரைச் சொன்னால் அவரையும் என் பக்கத்தில் நிறுத்தி, ஆமாம் இவன் சொல்வது சரி என்று சொல்லவைக்க வேண்டும். நாக்கு எழவில்லை. பக்தி என்று நினைக்காதீர்கள்.

"ஆணையிட மாட்டேன்," என்றேன்.

"ஏன்டா?" உம்தா கேட்டார். "உங்க மதத்துல கூடாதா?"

"பொய்க்கு ஆணையிடக் கூடாது. மஹ்ரூஸ் செய்யல. நான் புகைச்ச சிகரெட். மாமா வர்ற சத்தம் கேட்டு ஒளிச்சேன். அது பிடிச்சுக்கிச்சு."

தேநீர்க் கோப்பை ஒன்று தட்டில் உட்கார்கிற சத்தம் கேட்டது.

"காய்ச்சல்," என்றார் மாமா. "நேத்துலேர்ந்தே உளர்றான். மாத்திரை சேரல. உம்தா, இவனை நான் வீட்டுக்கு..."

"காய்ச்சல் இல்ல மாமா."

"வாயை மூடுறா!"

"படத்தைக் காப்பாத்தவும் போகல. கோட்டுப் பையில தீப்பெட்டி இருந்துச்சு. அதை எடுக்கத்தான் போனேன்."

ஹஜ் அப்துல் ஜவாத் இன்னும் துணியை ஏந்தியபடியே நின்றிருந்தார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் உம்தாவைப் பார்த்தார், அபூனாவைப் பார்த்தார். பிறகு அதைச் செய்தித்தாள் போல மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். "என் பேத்தியோட நிச்சயதார்த்தம் நின்னுபோச்சு," என்று மட்டும் சொன்னார். என்னிடமில்லை, பொதுவாக.

அதிகாரி எழுந்து இடுப்புப் பட்டையைச் சரிசெய்தார். ஆசிரியரிடம், "அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க. புதுசா எழுதுங்க. வனீஸ், முதரிஃப்," என்றார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கும் அதே சொல்தான். ஆசிரியர் பேனாவை எடுத்துவிட்டுத் தயங்கினார். பதினைந்து நாளாக ஊர் என்னை அழைத்த பட்டத்தையே எழுதுகிறோமே என்று தோன்றியிருக்கும். எழுதினார்.

வாசலில் மாமா என் கழுத்துப்பட்டையைப் பிடித்தார். "மஸீஹை ஒப்புக்கொள்றதுன்னா இதானா? அவங்க முன்னாடி நம்மளை நாறவைக்கிறதா? இனி நம்ம வீடு நிஜமாவே எரிஞ்சாலும் எவன்டா நம்புவான்?"

அது உண்மைதான்.

"தெரியல மாமா," என்றேன்.

அபூனா அதிகாரியின் வண்டிவரை வந்தார். "நானும் வர்றேன்," என்றார். "நீங்க வந்தா கூட்டம் சேரும் அபூனா, இறங்குங்க," என்று அதிகாரி சொல்ல, ஒரு காலை வண்டியில் வைத்தவர் அதை எடுத்துவிட்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் காவல் நிலையத்தில் ஒரே அறைதான். என்னை உள்ளே தள்ளியபோது மஹ்ரூஸ் சுவரோரம் போர்வையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"ஏய் முதரிஃப்! உன்னையுமா தூக்கிட்டாங்க? அப்போ ஸ்பீக்கரை அலறவிடுறது யாரு?"

நின்றபடியே சொன்னேன். மூன்றாவது முறை சொல்வதால் எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. இவன்தான் கேட்க வேண்டிய ஆள்.

"சிகரெட்டா?" என்றான்.

"ஆமா."

"என் கடைக்கு வந்து உக்காந்து குடிச்சிருக்கலாமேடா நாயே. எதிர்லதானே இருக்கேன். நான் உங்க பாதிரிகிட்டயா போய்ச் சொல்லப்போறேன்?"

எழுந்து வந்து அறைந்தான். வெல்டிங் பிடிக்கிற கை. காது இரைந்தது. கட்டுப்போட்ட கைகளால் நான் எதையும் தடுக்கவில்லை. இரண்டாவது அறைக்குக் கையை ஓங்கியவன் என் கட்டுகளைப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தான்.

"பதினேழு நாள் ஏன்டா வரல?"

"பயம்."

"இப்போ மட்டும் என்ன? உங்க மஸீஹ் வந்து சொன்னாரா?"

"அவர் முதல் நாளே சொன்னார். நான்தான் கேக்கல."

வெங்காயத்தைக் கடித்து மென்றான். "ஈஸா நபி மேல எனக்குக் கோபமில்ல," என்றான். "உன் மேலதான்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்தேன். மனம் லேசாகும் என்று சொல்வார்கள். ஆகவில்லை. அம்மா கிழித்துக் கொடுத்த துணிகளை எத்தனை வீட்டில் முடிந்து வைத்திருப்பார்கள், அவற்றை இப்போது என்ன செய்வார்கள் என்பதே ஓடிக்கொண்டிருந்தது. மாமா சொன்னதும் ஓடியது. ஆனாலும் அதிகாரியிடம் சொன்ன அந்த 'இருக்கலாம்' இனி என்மேல் இல்லை.

மறுநாள் நண்பகலில் மஹ்ரூஸின் விடுதலைத் தாள் வந்தது. காவலர் அவன் பெயரைக் கூப்பிட்டார். மஹ்ரூஸ் போர்வையை மடித்தான், தட்டை எடுத்தான், தம்பி கொண்டுவந்து கொடுத்திருந்த சிகரெட் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டான். என்னைப் பார்க்காமல் என் கால்களைத் தாண்டிப் போனான். காவலர் அவனுக்குப் பின்னால் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினார்.