எட்டுப் புள்ளி தூரம்

அண்ணனுடைய வலது கை மணிக்கட்டோடு காணாமல் போயிருந்தது. திரையில் அவன் முகம் சுத்தமாகத் தெரிந்தது. மூன்று நாள் தாடி, சட்டைப் பொத்தான், பின்னால் கொடியில் காயும் துண்டு எல்லாம் தெரிந்தன. கை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சாம்பல் நிறக் கட்டங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. பிறவியிலேயே காது கேளாதவன். கையால்தான் பேசுவான், அதுவும் யாரோ துரத்துவதுபோல் பேசுவான்.

அலுவலகத்தில் தங்கையின் மேசைமேல் சர்க்யூட் பலகை வெதுவெதுப்பாக இருந்தது. அண்ணனின் வீடியோ அதற்குள் புகுந்துதான் அவள் திரைக்கு வந்துகொண்டிருந்தது. வீடியோவின் ஒவ்வொரு படத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டமும் முந்தைய படத்தில் எங்கே இருந்தது என்று தேடுவது அதிலிருந்த மாதிரி சிப்பின் வேலை. கண்டுபிடித்தால் நகர்ந்த தூரத்தை மட்டும் அனுப்பினால் போதும். மென்பொருள் மூச்சு வாங்கிச் செய்வதை இது கண்ணிமைக்குமுன் செய்யும். அவளுடைய இரண்டு வருட உழைப்பு. முப்பத்திரண்டு புள்ளி, அதாவது பிக்சல், தூரம் தேடிக்கொண்டிருந்ததை, சூடு ஏறுகிறதென்று போன மாதம் எட்டாகக் குறைத்தவளும் அவளேதான். எட்டைத் தாண்டித் தாவும் எதையும் இனி அது கண்டுபிடிக்காது. பதினான்கு சோதனை வீடியோக்களும் தேறின. தேறாமல் என்ன செய்யும்? பதினான்கும் இதே அலுவலகத்தில் எடுத்தவை. கையை மடியில் வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைக்கும் சக ஊழியர்கள். அண்ணனோடு ஒரே வீட்டில் வளர்ந்தவளுக்கு ஒரு கையையாவது படம் பிடிக்கத் தோன்றவில்லை.

"ஆச்சா?" என்று குழுத் தலைவர் எட்டிப் பார்த்தார். மூச்சுக்கு மூச்சு அதையே கேட்பதால் அவர் பெயரே ஆச்சா ஆகியிருந்தது. நாலு மணிக்குள் அவள் கையெழுத்துப் போட்டால் சிப் தயாரிப்புக்குப் போய்விடும். அப்புறம் எட்டு எட்டுதான்.

"கை உடையுது சார்."

"முகம் தெளிவா இருக்குல்ல? வீடியோ கால்ல யாரும்மா கையைப் பாக்கறாங்க?"

"நான் பாக்கறேன்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எட்டு போதும்னு சொன்னது நீங்கதானே. இப்ப மாத்தினா இன்னும் ரெண்டு மாசம்."

அவர் சொன்னது உண்மை என்பதுதான் எரிச்சலாக இருந்தது. 'கை தெரியலண்ணா' என்று கைப்பேசியில் தட்டி அனுப்பினாள். உடனே பதில் வந்தது: 'நீ செஞ்சதுதானே. உன்னை மாதிரியே நான் சொல்றதுல பாதிதான் வாங்கிக்குது.'

பிறகு அவன் கைப்பேசியை மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி கையால் ஆரம்பித்தான். தண்ணீருக்கடியில் இருப்பவன்போல மெதுவாக. சா-ப்-பி-ட்-டி-யா. ஒரு விரல்கூடச் சிதறவில்லை.

"பாத்தீங்களா, இப்ப எவ்வளவு அழகா வருது" என்றார் ஆச்சா. "கொஞ்சம் மெதுவா பேசச் சொன்னா முடிஞ்சுது."

வாத்தியார் மெதுவாகப் பேசச் சொன்னதற்கு, வகுப்பே சிரிக்கும்படி இன்னும் வேகமாகக் கையை வீசிவிட்டு வெளியே நடந்தவன் அவன். அப்பாவிடம் அடி வாங்கியபோதும் வேகம் குறைந்ததில்லை. எனக்காக வேகத்தைக் குறைக்காதே என்று அவளுக்கு அவனிடம் கத்த வேண்டும்போல் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தின்மேல் பேனா மூடி திறந்தபடி கிடந்தது.

"ஆச்சா?"

அவள் திரும்பவில்லை. திரையில் அண்ணன் அடுத்த வார்த்தைக்குக் கையைப் பாதி தூக்கி, அங்கேயே நிறுத்தி, அவளுடைய சிப் தன் கையை எட்டிப் பிடிக்கட்டும் என்று காத்திருந்தான்.